விரல் மரத்துப்போகும் முன் இறங்கிவிட வேண்டும்: கடுங்குளிரில் மரம் ஏறும் வேலை பற்றி

மூணாறு பக்கம் வட்டவடை கோவிலூரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எட்டு வருடமாக சில்வர் ஓக் கிளை கழிப்பதும் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் இறக்குவதும்தான் வேலை, இப்போது கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் மரம் ஏறும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், டிசம்பரில் வரச் சொல்கிறார்கள். "நம்ம ஊர்ல ஜனவரி காலையிலயே விரல் மரத்துப் போகுது, அங்க மைனஸ் முப்பதாம். அந்தக் குளிர்ல மரத்து மேல எப்படிண்ணே நிக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லையா" என்பது கேள்வி.

நான் குண்டளைப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். பதினேழு வயதில் அப்பாவோடு சில்வர் ஓக் ஏற ஆரம்பித்தேன், அப்புறம் அதே வின்னிபெக்கில் ஏழு குளிர்காலம் மரம் ஏறினேன், இப்போது மறையூரில் இருக்கிறேன். அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: போகலாம் தம்பி. மைனஸ் 25-லும் 30-லும் அங்கே ஆட்கள் மரம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் பயப்படுகிற விஷயம் வேறு, பயப்பட வேண்டிய விஷயம் வேறு. உடம்பு விறைத்துச் செத்துவிடுவோமோ என்று கேட்கிறீர்கள். அது கடைசியில் வருவது. அதற்கு ரொம்ப முன்னாலேயே விரல் போய்விடும். விரல் போனால் முடிச்சை அவிழ்க்க முடியாது, கொக்கியைத் திறக்க முடியாது, செயின் சா வாளை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது, அறுபது அடி உயரத்தில் கை இல்லாத ஆளாக நிற்பீர்கள். உடுப்பு, சாப்பாடு, கயிறு, ஓய்வு என்று அங்கே நான் கற்றுக்கொண்டது எல்லாமே விரல் சொன்னபடி கேட்கும்போதே வேலையை முடித்து இறங்குவதற்காகத்தான்.

இவ்வளவு குளிரில் போய் ஏன் மரம் ஏற வேண்டும், வெயில் காலத்தில் செய்தால் என்ன என்று எனக்கும் முதல் வருடம் தோன்றியது. வின்னிபெக்கில் தெருவுக்கு இரண்டு பக்கமும் எல்ம் மரங்கள் நின்று மேலே ஒன்றோடொன்று கூடியிருக்கும், நம் பக்கத்துப் பழைய புளியமரச் சாலை மாதிரி. அந்த மரங்களுக்கு டச்சு எல்ம் நோய் என்று ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது, பட்டைக்குள் துளை போடும் சின்ன வண்டுதான் அதைப் பரப்புகிறது, புதிதாக வெட்டிய காயத்தின் வாசனைக்கு அந்த வண்டு வரும். அதனால் வின்னிபெக் இருக்கிற மனிடோபா மாகாணத்தில் ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை எல்ம் மரத்தில் கிளை கழிக்கக் கூடாது என்பது சட்டம். பக்கத்து சஸ்காச்சுவானில் அது ஆகஸ்ட் 31 வரை, ஆல்பர்ட்டாவில் செப்டம்பர் 30 வரை. ஓக் மரத்துக்கும் இதே போல ஒரு வாடல் நோய் உண்டு, அதையும் வண்டு இல்லாத குளிர்காலத்தில்தான் கழிக்கச் சொல்வார்கள். இன்னொன்று, இலை உதிர்ந்து நிற்பதால் மரத்தின் அமைப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும், இறக்கும் கிளையில் இலைப் பாரம் இருக்காது, தரை கல்லாக உறைந்திருப்பதால் லாரிச் சக்கரம் வீட்டுக்காரர் புல்தரையில் புதையாது. செத்த கிளை எது, தூங்குகிற கிளை எது என்று பிரிப்பதுதான் இலை இல்லாதபோது கஷ்டம். மொட்டையும் பட்டையையும் பார்த்துப் பழக வேண்டும். ஆக, அங்கே குளிர்காலம் என்பது இந்தத் தொழிலுக்கு மும்முரமான சீசன், நம் ஊரில் மழைக்கு முன்னால் நிழல் மரம் கழிக்கிற சித்திரை, வைகாசி மாதிரி.

இப்போது குளிருக்கு வருவோம். நம் ஊர்க் குளிரும் அந்த ஊர்க் குளிரும் ஒரே சாதி இல்லை. இங்கே ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் விடியற்காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும், 2019 ஜனவரியில் பல நாள் பூஜ்யத்துக்குக் கீழேயே போனது. சூரியன் மலைக்கு மேலே வந்ததும் அந்த உறைபனி உருகி, சில்வர் ஓக் பட்டையில் இருக்கும் பாசி எல்லாம் தண்ணீராகும். நாம் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும்போது உள்ளங்கை, முழங்கால், நெஞ்சு எல்லாம் நனையும். உங்கள் விரலை மரக்க வைப்பது அந்த ஈரம். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். வின்னிபெக்கில் மைனஸ் 20-ல் ஈரம் என்பதே கிடையாது. பட்டை காய்ந்திருக்கும், பனி மாவு மாதிரி இருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். நம்புவது கஷ்டம்தான், ஆனால் காற்றில்லாமல் வெயில் அடிக்கிற ஒரு மைனஸ் 15 நாள், குண்டளையின் 2 டிகிரி ஈரக் காலையைவிட வேலைக்கு நன்றாக இருக்கும். அங்கே நான் வெறுத்த நாள்கள் மைனஸ் 30 நாள்கள் இல்லை. நவம்பர் தொடக்கத்திலும் மார்ச் கடைசியிலும் 0 முதல் 3 டிகிரிக்குள் மழையும் பனியும் கலந்து பெய்யும், உடுப்பு நனையும், கயிறு நனையும், மத்தியானத்துக்கு மேல் எல்லாம் சேர்ந்து உறையும். அந்த மாதிரி நாளில்தான் ஆட்கள் அடிபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வறண்ட குளிரிலும் காற்று வந்துவிட்டால் கதை வேறு. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 33 போல. மைனஸ் 30-ல் அதே காற்று என்றால் மைனஸ் 46. கனடா வானிலைத் துறை இந்தக் கணக்கை வைத்து எச்சரிக்கை சொல்கிறது: காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28-ஐத் தாண்டினால் 10 முதல் 30 நிமிடத்தில் திறந்த தோல் உறையலாம், மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம் போதும். இதில் மரம் ஏறுகிறவர் கவனிக்க வேண்டியது, வீட்டுச் சுவரும் வேலியும் மறைக்கிற தரையில் இருக்கும் காற்று வேறு, உச்சியில் இருக்கும் காற்று வேறு. கீழே கயிறு பிடிக்கிற ஆளுக்கு அது தெரியாது. இன்னும் ஒரு கிளைதானே, முடித்துவிட்டு வாயேன் என்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் நிற்கிற இடத்தில் அந்தக் குளிர் இல்லை. முடிவு எடுக்க வேண்டியது மேலே இருப்பவர்தான்.

உடுப்பு விஷயத்தில் நம் பழக்கம் முழுக்கத் தலைகீழாக வேண்டும். நாம் குளிர் என்றால் உள்ளே பருத்தி பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் தடி ஸ்வெட்டர், தலைக்கு மங்கி குல்லா என்று போகிறோம். பருத்தி பனியனை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். மரம் ஏறினால் மைனஸ் 25-லும் வியர்க்கும், பருத்தி அந்த வியர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கிளையில் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு குளிரில் நிற்கிற மாதிரிதான். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, இல்லையென்றால் பாலியஸ்டர் தெர்மல். அதற்கு மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி. அதற்கு மேல் காற்றைத் தடுக்கிற மெல்லிய மேலுடுப்பு. ஏறுவதற்கு முன்னால் ஒரு அடுக்கைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் நடுங்குகிற நிலையில்தான் ஏற ஆரம்பிக்க வேண்டும். மேலே போய்ச் சேர்வதற்குள் சூடு வந்துவிடும். கழற்றியதை ஒரு பையில் போட்டுக் கயிற்றில் மேலே இழுத்துக்கொள்ளலாம், நின்று அறுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். முதல் மாதம் நான் இருப்பதை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறினேன், பத்து மணிக்கே உள்ளே தொப்பலாக நனைந்துவிடுவேன், பதினொரு மணிக்கு பல் கிட்டும். எங்கள் போர்மேன் என் முதுகில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "நீ குளிரில் நடுங்கவில்லை, உன் வியர்வையில் நடுங்குகிறாய்" என்றார்.

கைக்கு வருகிறேன், இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஜோடி தடிமனான கையுறை போதும் என்று நினைக்க வேண்டாம். தடிமனான கையுறையில் முடிச்சு போட முடியாது, மெல்லிய கையுறையில் விரல் தாங்காது. நான் தினமும் ஐந்து ஜோடி கொண்டுபோவேன். விரலோடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளுறை ஒன்று, அதற்கு மேல் உள்ளங்கையில் ரப்பர் பூசிய குளிர் கையுறை. கையில் இருக்கிற ஜோடி ஈரமானவுடன் அதைக் கழற்றி, சட்டைக்குள் வயிற்றை ஒட்டி வைத்திருக்கும் காய்ந்த ஜோடியைப் போட்டுக்கொள்வேன். ஈரமானது உள்ளே போகக்கூடாது, தனிப் பையில் போக வேண்டும். கையுறையைக் கழற்றி மாற்றுகிற அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். கையுறை அளவு இறுக்கமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை, ரத்தம் ஓட இடம் வேண்டும்.

விரல் மரக்க ஆரம்பித்தால் நாம் வாயில் வைத்து ஊதுவோம். ஊதாதீர்கள், மூச்சுக்காற்றின் ஈரம் கையுறைக்குள் போய் உறையும். அப்பா எனக்குச் சொல்லித் தந்தது அக்குளில் கையைச் செருகிக்கொண்டு நூறு எண்ணுவது, அது வின்னிபெக்கிலும் வேலை செய்தது. அங்கே கற்றுக்கொண்டது இன்னொன்று: கையைத் தோளில் இருந்து பெரிய வட்டமாக வேகமாகச் சுழற்றுவது, இருபது முப்பது சுற்று. ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்பட்டு, ஊசி குத்துகிற மாதிரி வலித்துக்கொண்டு உணர்வு திரும்பும். அந்த வலி வந்தால் நல்லது. வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலிக்காமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

இதற்காக நானே வைத்துக்கொண்ட ஒரு சோதனை உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன், இரண்டு கையிலும். தொட முடிந்து, தொட்டது தெரிந்தால் வேலையைத் தொடரலாம். தொட முடிகிறது, ஆனால் தொட்டது தெரியவில்லை என்றால் வாளை அணைத்துக் கட்டிவிட்டுக் கையைச் சூடாக்க வேண்டும். தொடவே முடியவில்லை என்றால் அந்த நிமிடமே இறங்க ஆரம்பிக்க வேண்டும், பாதி அறுத்த கிளையைத் தவிர வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது. இறங்கவும் கை வேண்டும் தம்பி, அதை மறந்துவிடக் கூடாது. ஏறும்போது கை போனால் அங்கேயே நிற்கலாம், இறங்கும்போது கை போனால் நிற்க வழியில்லை.

இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள். முதல் குளிர்காலம், மைனஸ் 28 இருக்கும், இடுப்புக் கொக்கியின் திருகு உறைந்துபோய்த் திறக்கவில்லை. அவசரத்தில் கையுறையைக் கழற்றி வெறும் விரலால் திருகினேன். திருகு சுழன்றது, ஆனால் கையை எடுத்தபோது ஆள்காட்டி விரலின் தோல் ஒரு மெல்லிய சவ்வு போல அலுமினியத்தோடு போய்விட்டது. ரத்தம்கூட உடனே வரவில்லை. கொக்கியை வாயில் கவ்விக்கொள்கிற பழக்கம் இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள், உதடு ஒட்டிக்கொள்ளும். கொக்கி உறையாமல் இருக்க ஒரே வழி முந்தின நாள் இரவு அதை வீட்டுக்குள் கொண்டுபோய்க் காய வைப்பது, ஈரம் இல்லாமல் உறைவதற்கு ஒன்றுமில்லை.

கயிறும் அப்படித்தான், அதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. மார்ச் மாதம், முந்தின நாள் தூறலில் நனைந்த ஏறுகயிற்றை யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை, இரவு முழுக்க லாரியின் பின்னால் கிடந்தது. காலையில் எடுத்தால் மூங்கில் கழி மாதிரி விறைத்து நின்றது. தட்டி வளைத்து, மேலே இருந்த பனிக்கட்டியைக் கையுறையால் உருவிவிட்டு ஏறினேன். நாம் தொங்குவது முழுக்க ஒரு பிடிமுடிச்சின் உராய்வில்தான்: சின்னக் கயிறு பெரிய கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும், தளர்த்தினால் வழுக்கும், விட்டால் பிடிக்கும். கயிற்றின் நெசவுக்குள் பனிக்கட்டி இருந்தால் அந்த உராய்வு போய்விடும் என்று எனக்குத் தெரியாது. நாற்பது அடியில் பாரத்தை முடிச்சில் போட்டேன், ஒரு நொடி பிடித்தது, அப்புறம் விட்டுவிட்டது. பத்துப் பன்னிரண்டு அடி வழுக்கிப் போய், ஒரு காய்ந்த இடத்தில் முடிச்சு கடித்து நின்றேன். கீழே நின்றவர் சத்தம்கூடப் போடவில்லை, அவ்வளவு வேகத்தில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கயிறு பைக்குள் போய் என் வீட்டு ஹீட்டர் பக்கத்தில்தான் தூங்கியது, காலையில் தரையில் இருந்து இரண்டு அடி உயரத்தில் முழுப் பாரத்தையும் போட்டுக் குதித்துப் பார்க்காமல் நான் ஏறியதே இல்லை. பல் வைத்த இரும்புப் பிடியை நம்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பல்லுக்குள்ளும் பனி அடைத்துக்கொள்ளும். கயிற்றை ஈரமாக விடாமல் இருப்பதற்கு மாற்று வழி எதுவும் நான் பார்க்கவில்லை. நைலான் கயிறு என்றால் நனைந்தால் பலமும் கொஞ்சம் குறையும், அதனால் பாலியஸ்டர் உறை போட்டதே நல்லது.

மரமும் குளிரில் வேறு மரம் ஆகிவிடுகிறது. சில்வர் ஓக் கிளை சட்டென்று முறியும் என்பது உங்களுக்குத் தெரியும், அதில் நடந்து பழகிய கால் உங்களுக்கு அங்கே பெரிய சொத்து. ஏனென்றால் உறைந்த மரம் எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துகொள்ளும். கோடையில் வளைந்து கொடுத்து மெதுவாகச் சாய்கிற கிளை, மைனஸ் 25-ல் கண்ணாடி மாதிரி டக்கென்று விட்டுவிடும். கிளையை வெட்டும்போது திருப்பி விழவைப்பதற்காக அறுக்காமல் விடுகிற அந்த நார்ப்பகுதியை நம்பித்தான் நாம் கிளையை வழிநடத்துகிறோம். உறைந்த நார் வளைவதற்கு முன்னால் முறியும், கிளை நாம் நினைத்ததற்கு முன்பே கிளம்பும். அதனால் சின்னச் சின்னத் துண்டாக எடுங்கள், கயிறு கட்டி இறக்க வேண்டியதைக் கையால் தள்ளப் பார்க்காதீர்கள், சாய்ந்து நிற்கிற தண்டு நடுவே பிளந்து மேலே எழும்புகிற ஆபத்தும் அதிகம். எமரால்டு ஆஷ் துளைப்பான் என்கிற பூச்சியால் செத்த ஆஷ் மரங்கள் அங்கே இப்போது நிறைய. 2002-ல் டெட்ராய்ட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சி, 2017-ல் வின்னிபெக்குக்கும் வந்துவிட்டது. செத்து ஒரு வருடம் கழிந்த ஆஷ் மரத்தில், அதுவும் குளிர்காலத்தில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். தூக்கு வண்டி கொண்டுவரச் சொல்லுங்கள். காலில் கட்டுகிற முள் இரும்பு உறைந்த மரத்தில் சரியாக இறங்காது, தீட்டிக் கூராக வைத்து உறுதியாக உதைக்க வேண்டும். உயிரோடு நிற்கப் போகிற மரத்தில் எந்தக் காலத்திலும் அதைப் போடக் கூடாது.

செயின் சா பற்றிச் சுருக்கமாக. குளிர்கால வேலைக்கென்று பல மெஷின்களில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும், சூரியன் படமும் பனி படமும் போட்டிருக்கும், அதைப் பனி பக்கம் திருப்பினால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் கார்பரேட்டருக்குப் போகும். வெயில் காலம் வந்ததும் திருப்பி வைக்க மறந்தால் எஞ்சின் வெந்துவிடும். செயினுக்கு ஊற்றுகிற எண்ணெய் கெட்டியாகிவிடும், குளிர்காலத்துக்கான மெல்லியது தனியாக விற்கும். உறைந்த மரம் செயினைச் சீக்கிரம் மழுக்கும், அரம் எப்போதும் பையில் இருக்கட்டும். பேட்டரி வாள் என்றால் பேட்டரியை உறையும் குளிரில் சார்ஜ் போடக் கூடாது, சட்டைக்குள் வைத்துச் சூடாக மேலே கொண்டுபோக வேண்டும். வாளின் அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரல் நுனி வெளுத்துப்போகிற ஒரு நிரந்தர வியாதி வரும், அதனால் கைப்பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரல் வெளுக்கிற வழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் போவதற்கு முன் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கால் விஷயத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்குவது. ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், உள்ளே விரலை ஆட்ட இடம் இருக்கிற ஷூ. மரத்தில் தொங்குவதற்கு இடுப்பிலும் தொடையிலும் கட்டுகிற ஹார்னஸின் தொடைப் பட்டையும் ரத்தத்தைத் தடுக்கும், அதனால் ஒரே நிலையில் தொங்காமல் இடைக்கிடை கிளையில் நின்று பாரத்தை மாற்றுங்கள். சாப்பாடு நிறைய வேண்டும், நெய்யும் கடலையும் வெல்லமும் மாதிரிக் கொழுப்பும் இனிப்பும் உள்ளது. நான் ஊரில் இருந்து கடலை மிட்டாய் வரவழைத்து வைத்திருந்தேன், உறைந்தால் பல்லை உடைக்கும், சட்டைப் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். தாகம் தெரியாது, ஆனால் மூச்சில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், பிளாஸ்கில் சுடுதண்ணியோ கட்டன் சாயாவோ ஒவ்வொரு இறக்கத்துக்கும் குடியுங்கள். சரக்கு அடித்தால் சூடு வரும் என்று நம் லயத்தில் எல்லோரும் நம்புகிறோம். அது தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டு உள்சூட்டை வெளியே கொட்டுகிறது, சூடு வருகிற மாதிரித் தெரிவது அதனால்தான். மரத்துக்கு முன்னால் ஒரு சொட்டும் கூடாது.

கூட வேலை செய்கிறவரின் முகத்தை அடிக்கடி பாருங்கள், உங்கள் முகத்தை உங்களால் பார்க்க முடியாது. மூக்கு நுனி, கன்னம், காது மடல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தால் உடனே உள்ளே போக வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். ஆழமாக உறைந்துவிட்டால் 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும், அதுவும் திரும்ப உறையாது என்று தெரிந்தால் மட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி. அடுத்தது பேச்சைக் கவனியுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் வார்த்தையை மென்று பேசுகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், கையில் இருப்பதைத் தவறவிடுகிறார், கால் தடுக்குகிறது என்றால் உடம்பின் உள்சூடு இறங்குகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் அவர் எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அதைக் கேட்காமல் இறக்குங்கள். இதனால்தான் கீழே நிற்கிறவர்களில் ஒருவருக்காவது மேலே ஏறி ஆளை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கான இரண்டாவது ஹார்னஸும் கயிறும் லாரியில் தயாராக இருக்க வேண்டும். அடிபட்டு அசையாமல் தொங்குகிற ஆளுக்கு அந்தக் குளிரில் நேரம் ரொம்பக் குறைவு, தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க முடியாது. வேலையில் சேருவதற்கு முன் உங்கள் குழுவில் யாருக்கு இது தெரியும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தில் சேராதீர்கள், வேறு இடம் கிடைக்கும்.

எவ்வளவு குளிர் வரை வேலை செய்யச் சொல்வார்கள் என்று பயம் இருக்கும். சஸ்காச்சுவான் தொழிலாளர் துறை தயாரித்த ஓர் அட்டவணை இருக்கிறது, பல இடங்களில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். காற்றே இல்லாத மைனஸ் 26 முதல் 28-ல் வழக்கமான இடைவேளை போதும், அதே குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் காற்று இருந்தால் 40 நிமிடத்துக்கு ஒரு முறை சூடான இடத்துக்குப் போக வேண்டும், மைனஸ் 32-ல் அந்தக் காற்று என்றால் அவசரமில்லாத வேலையை நிறுத்த வேண்டும், காற்றே இல்லாவிட்டாலும் மைனஸ் 43-ல் நிறுத்த வேண்டும். இந்தக் கணக்கு தரையில் வேலை செய்கிறவர்களை நினைத்துப் போட்டது என்று எடுத்துக்கொண்டு, மரத்தில் இருக்கும்போது ஒரு படி முன்னாலேயே நிறுத்துவது என் வழக்கம்.

அவசர வேலை என்று வருவது பெரும்பாலும் பனிக்கட்டி மழைக்குப் பிறகு. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் உறைந்து, விரல் தடிமனுக்குக் கண்ணாடி போலக் கிளையைச் சுற்றிக்கொள்ளும். 1998 ஜனவரியில் கியூபெக், ஒன்டாரியோ பக்கம் ஐந்தாறு நாள் அப்படிப் பெய்து பல லட்சம் வீடுகளுக்குக் கரண்ட் இல்லாமல் போனது, 2013 டிசம்பரில் டொரன்டோவிலும் அதே மாதிரி. அந்தச் சமயத்தில் பாதி முறிந்து வளைந்து நிற்கிற ஒவ்வொரு கிளையும் இழுத்துக் கட்டிய வில். எங்கே அறுத்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாமல் வாளை வைக்கவே கூடாது, கீழே விழுந்து கிடக்கிற ஒயரில் கரண்ட் இருக்கிறது என்று நினைத்துத்தான் நடக்க வேண்டும். முதல் குளிர்காலத்திலேயே இந்த வேலைக்குக் கூப்பிட்டால், கீழே நின்று கிளை இழுக்கிறேன், மேலே ஏற மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். நான் மூன்றாவது வருடம்தான் ஏறினேன்.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது, கோவிலூரிலேயே செய்துகொள்ளக்கூடிய பயிற்சி ஒன்று சொல்கிறேன். இரண்டு கையுறை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பிடிமுடிச்சைப் போட்டு அவிழ்த்துப் பழகுங்கள், வீட்டு வாசலில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். ஐம்பது தடவை பிழையில்லாமல் வந்தவுடன் ஒரு வாளி ஐஸ் தண்ணியில் கையை இரண்டு நிமிடம் வைத்து எடுத்து, துடைத்து, கையுறை போட்டு மறுபடி செய்து பாருங்கள். எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசிச் சுற்றை இழுத்து இறுக்கும்போதுதான் எப்போதும் தடுமாறும், ஏழு வருடத்திலும் அந்த ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி, கண்ணால் பார்த்து, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தைப் போடுவேன். போவதற்கு முன்னால் மறையூர் பக்கம் வந்தால் சொல்லுங்கள் தம்பி, என்னிடம் இரண்டு ஜோடி கம்பளி உள்ளுறை புதிதாகவே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம்.